கொழிஞ்சாம்பாறையிலிருந்து டொராண்டோ: அத்தையை வழியனுப்பிய நாட்கள்

செவ்வாய், கொழிஞ்சாம்பாறை

கொச்சிக்கும் டொராண்டோவுக்கும் இடையே மிகக் குறுகிய வழி சுமார் 13,550 கிலோமீட்டர். இந்த எண்ணை அத்தையிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. "அது கெடக்குது கண்ணு, எத்தனை மணி நேரம் உக்காந்திருக்கோணும்? அதைச் சொல்லு" என்றார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, முட்டிவலி. பிரசவத்துக்கு நாள் நெருங்கும் மகளைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறுகிறார். இந்த வாரம் முழுக்க அவரோடு சுற்றி, வெள்ளிக்கிழமை கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அன்றன்றைக்கு இங்கே எழுதிவைக்கிறேன். எல்லை ஊர்களிலிருந்து வயதான அம்மா அப்பாவைத் தனியாக அனுப்பும் வீடுகள் ஏராளம். அவர்களில் யாருக்காவது உதவட்டும்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளம்தான். ஆனால் வடகரப்பதி, எருத்தேம்பதி என்று இந்தக் கிழக்குப் பக்கம் முழுக்க வீட்டில் தமிழ், கடையில் தமிழ். தாலுகா ஆபீசில் மட்டும் மலையாளம். தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றில்தான் நான் புவியியல் சொல்லித்தருகிறேன். அதனால் அத்தையின் அடுத்த கேள்வி நேராக என் மடியில் வந்து விழுந்தது.

"கனடா மேக்க இருக்குதா, வடக்க இருக்குதா?"

சுவரில் மாட்டிய உலகப் படத்தைப் பார்த்தால் மேற்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். கொச்சியிலிருந்து டொராண்டோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரேபியா, சகாரா பாலைவனம், அட்லாண்டிக் என்று போகும். பூமி தட்டை இல்லையே. பள்ளியிலிருந்து உலக உருண்டையை வாங்கிவந்து, பூக்கட்டும் நூலை எடுத்து, ஒரு முனையைக் கொச்சியில் அழுத்தி, மறுமுனையை டொராண்டோவில் வைத்து இழுத்துக் காட்டினேன். நூல் தானாகவே வழுக்கி வடக்கே ஏறியது. கொங்கண் கடற்கரை ஓரமாகப் போய், ராஜஸ்தான் எல்லை, ஆப்கானிஸ்தான், ஏரல் கடல், ரஷ்யா, நார்வேயின் வடபகுதி, கிரீன்லாந்தின் பனி, அப்புறம் கனடா. உச்சத்தில் அது 70 பாகை வட அட்சத்தைத் தொடுகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே.

நம் வாசலில் நின்று டொராண்டோவை நோக்கித் திரும்ப வேண்டுமென்றால் முகத்தை நேர் வடக்கே வைத்து, கொஞ்சம், சுமார் 20 பாகை மட்டும், மேற்கே சாய்க்க வேண்டும். அத்தை எழுந்து போய் வாசலில் நின்று அப்படியே திரும்பிப் பார்த்தார். "வாளையார்ப் பக்கமல்ல காட்டுறே" என்றார். கனடா அந்தத் திசையில்தான் இருக்கிறது என்பதை நம்ப அவருக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. நம்பிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அவரே நூல் பிடித்துக் காட்டினார்.

இந்த நேர் வழியில் பறக்கும் விமானம் கொச்சியிலிருந்து கிடையாது. எங்காவது இறங்கி மாற வேண்டும். தூரம் ஒன்று, நேரம் வேறு என்று ஆவது அங்கேதான். அதை நாளை மறுநாள் எழுதுகிறேன்.

புதன், வேலந்தாவளம், கோபாலபுரம்

சொல்லிக்கொண்டு வருவதற்கே ஒரு நாள். எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தம். காலையில் வேலந்தாவளம், மதியம் கோபாலபுரம், அங்கிருந்து பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தோட்டம். செக்போஸ்டைக் கடந்து அக்கட்ட போவதும் இக்கட்ட வருவதும் எங்களுக்கு ஒரு பயணமே இல்லை. பலகையில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். ஒவ்வொரு வீட்டிலும் அத்தைக்கு விபூதி பூசி, கையில் ஏதாவது திணித்தார்கள். சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியத்துக்கான சாமான். கனடாவில் இறங்கும்போது உணவுப்பொருள் எது கொண்டுபோனாலும் எழுதிச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொன்னால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்று எழுத வேண்டியது காற்றைப் பற்றி. தை மாதம். பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடம் இது. கோயம்புத்தூர்ச் சமவெளியின் வறண்ட காற்று மார்கழி, தையில் இந்த வாசல் வழியாகத்தான் மலையாள நாட்டுக்குள் பாய்கிறது. உதடு வெடிக்கும், தென்னை ஓலை இரவெல்லாம் இரையும். ஆனி, ஆடியில் அதே வாசலில் மேற்கிலிருந்து ஈரக்காற்று போய் உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றும். கஞ்சிக்கோட்டில் நிற்கும் காற்றாலைகளும் இந்தக் காற்றை நம்பித்தான். இங்கே சைக்கிளில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரியும், ஒரே ரோடு, ஒரே தூரம், போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்.

விமானத்துக்கும் அதேதான். தரையில் இன்று காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து மாமா, "தங்கச்சி போற தெசைக்குக் காத்து தள்ளி உடும், சீக்கிரம் போயிருவா" என்றார். மேலே கதை வேறு. விமானங்கள் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் நடு அட்சங்களில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குறுகிய ஓட்டமாக, மணிக்கு 150, 200, சில நாட்களில் 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில். ஜெட் ஸ்ட்ரீம் என்பது இதுதான். நிலநடுக்கோட்டுப் பக்கத்துச் சூடும் துருவத்துக் குளிரும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு வேகம். வடக்கே குளிர்காலம் முற்றிய இந்த மாதங்களில் அது உக்கிரம். அத்தை மேற்கே போகிறார், அதற்கு நேர் எதிராக.

துபாயிலிருந்து டொராண்டோ போக ஏறக்குறைய 14 மணி நேரம், டொராண்டோவிலிருந்து துபாய் வர ஏறக்குறைய 12 மணி 30 நிமிடம். ஒரே இரண்டு ஊர். இடையிலுள்ள ஒன்றரை மணி நேரம் முழுக்கக் காற்றுக்குச் சொந்தம். விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது. அந்தக் காற்றே 130 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் தரைக்கு மேலே நகர்வது 770தான். பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் துளிகூடச் சந்தேகப்படவில்லை. கணவாயில் பிறந்தவருக்குக் காற்றைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வியாழன், பாலக்காடு

டாக்டர், பணம் மாற்றுவது, குளிருக்கு உள்ளாடை, எல்லாம் பாலக்காட்டில்.

டிக்கெட் மாதங்களுக்கு முன்பே எடுத்தாயிற்று. ஆனாலும் ஏன் துபாய் வழி, ஏன் தில்லி வழி இல்லை என்று சொந்தத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். நம் நாட்டுக்குள்ளேயே தில்லி போய் அங்கிருந்து நேராக டொராண்டோ போனால் அத்தைக்குப் பேச்சு புரியும், தூரமும் குறைவு என்று ஒரு நினைப்பு. தூரம் குறைவு என்பது சரி. கொச்சி, தில்லி, டொராண்டோ என்று கூட்டினால் சுமார் 13,700 கிலோமீட்டர். கொச்சி, துபாய், டொராண்டோ சுமார் 13,850. நேர்கோட்டோடு ஒப்பிட்டால் தில்லியில் 150 கிலோமீட்டரும் துபாயில் 300 கிலோமீட்டரும்தான் கூடுதல். இவ்வளவு நீண்ட வழியில் 300 கிலோமீட்டர் இருபது, இருபத்தைந்து நிமிடம். துபாய் சுற்று வழி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லண்டன் போகிறவர்களுக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கும். கொச்சியிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். துபாயில் இறங்கிப் போனாலும் கூடுவது 60, 70 கிலோமீட்டர்தான். துபாய் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

தில்லி வழியைக் கெடுத்தது தூரம் இல்லை, வான்வெளி. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. இந்தியாவும் சில நாட்களில் பதிலுக்கு மூடியது. உலக உருண்டையில் தில்லியில் நூலை வைத்தால் அது உடனே பாகிஸ்தானுக்குள் நுழைகிறது. அது முடியாதென்றால் விமானம் முதலில் தெற்கே, தென்மேற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்கே ஏற வேண்டும். மேலே சொன்ன கூட்டல் அப்போது பொருளற்றுப் போகிறது. அமெரிக்கா, கனடா போகும் சில இந்திய விமானங்கள் அதனாலேயே ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக நேர்ந்தது.

துபாய் வழிக்கும் ஒரு தடை உண்டு. துபாயிலிருந்து டொராண்டோவுக்குப் போகும் நேர்கோடு ஈரான், காகசஸ் தாண்டி உக்ரைன் தலைநகர் கீவுக்கு மிக அருகே செல்கிறது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானமே கிடையாது. எனவே அந்தக் கோட்டிலும் ஒரு வளைவு. எந்தப் பக்கம் வளைவது என்பது அன்றன்றைய நிலவரம். இரண்டு ஊருக்கு நடுவே இத்தனை கிலோமீட்டர் என்று கணினி சொல்லும் எண் பூமியின் கணக்கு மட்டும். பறக்கும் நேரம் காற்றும் அரசுகளும் சேர்ந்து தீர்மானிப்பது. சண்டை எங்கோ நடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். நம் அத்தையின் முட்டி அதற்காக அரைமணி கூடுதலாக மடங்கியிருக்க வேண்டியிருக்கிறது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு, 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது இருக்கும் அளவு. ஊட்டி 2,240 மீட்டர். ஈரமும் மிகக் குறைவு. ஆகவே தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும், காலை அசைக்காமல் வைத்திருந்தால் இரத்தம் கட்டும் ஆபத்து உண்டு, இறுக்கமான நீள சாக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை மாத்திரைக்குத் தனியாக ஒரு தாளில் நேரம் எழுதிக்கொடுத்தார். இந்திய நேரப்படியே, டொராண்டோ இறங்கும்வரை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் டாக்டரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். மேற்கே போகப் போகப் பகல் நீள்கிறது. இரண்டு வேளை மாத்திரை போடுபவருக்கு அந்த நாளில் எது காலை, எது ராத்திரி?

டொராண்டோ இப்போது நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள். அதிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை.

வெள்ளி, நெடும்பாசேரி

மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். கோயம்புத்தூர் விமான நிலையம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் இரவில் கிளம்பி நள்ளிரவு தாண்டி மாறிக்கொள்ளத் தோதான விமானம் நெடும்பாசேரியில்தான் கிடைத்தது. துபாயில் காத்திருப்பு ஐந்து மணிக்குள் அடங்குகிறது. டிக்கெட் தேடும்போது நாங்கள் முதலில் பார்த்தது இதைத்தான். எட்டாயிரம் ரூபாய் குறைவாக இன்னொரு டிக்கெட் இருந்தது. அதில் காத்திருப்பு பதினாலு மணி நேரம். சாய்ந்து படுக்க இடமில்லாத வெளிச்சத்தில் ஓர் இரவு முழுக்க ஒரு வயதான உடம்பை உட்காரவைத்து மிச்சம் பிடிக்கும் பணம் எனக்கு வேண்டாம்.

சித்தூர், ஆலத்தூர், வடக்கஞ்சேரி, பிறகு குதிரான். இந்த மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்றது எங்கள் தலைமுறைக்கெல்லாம் நினைவிருக்கும். விமானத்தைத் தவறவிட்டவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 2021 ஜூலை 31 அன்று சுரங்கப்பாதையில் ஒரு குழாய் திறந்தார்கள், அடுத்த ஆண்டு இரண்டாவது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். அத்தை கண்ணை மூடித் திறப்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டோம். கிழக்குக் காற்றின் வறட்சி அங்கேயே நின்றுவிட்டது. திருச்சூர்ப் பக்கம் பிசுபிசுப்பும் பச்சையும்.

வழியில் அத்தை தன் வீட்டுக்காரரைப் பற்றி, அதாவது எங்கள் மாமாவைப் பற்றிப் பேசினார். எழுபதுகளில் மாமா வளைகுடாவுக்குப் போனது கப்பலில். பாலக்காட்டில் ரயில் ஏறிப் பம்பாய், பம்பாயில் நாட்கணக்கில் காத்திருப்பு, பிறகு கடலில் பல நாள். போய்ச் சேர்ந்தேன் என்ற கடிதம் வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்றாம். அதுவரை அத்தை ராத்திரியில் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார். "அந்தாளு அத்தன நாளுப் போன தண்ணிய நானு நாலு மணி நேரத்துல தாண்டப் போறேன்" என்றார். கொச்சியிலிருந்து துபாய் சுமார் 2,800 கிலோமீட்டர். அவர் சொன்ன கணக்கு சரிதான்.

நெடும்பாசேரி விமான நிலையம் 1999இல் திறந்தது. வெளிநாட்டில் வேலைபார்க்கும் ஆயிரக்கணக்கானோரின் பணமும் சேர்ந்து எழுப்பியது அது. 2015 முதல் முழுக்க சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. ரோட்டிலிருந்து பார்த்தாலே தகடுகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஐந்து மணிக்கு முன்னே உள்ளே போய்விட்டார். வீல்சேருக்கு டிக்கெட்டிலேயே சொல்லிவைத்திருந்தோம். இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். செலவு கிடையாது. தள்ளிக்கொண்டு போகிறவர் எமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாவற்றையும் தாண்டி விமான வாசல் வரை கூடவே இருப்பார். துபாயில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு நடப்பதே நல்ல தூரம். மொழி தெரியாத ஒருவருக்கு அந்த நாற்காலிதான் துணை. கழுத்தில் தொங்கும் பையில் பாஸ்போர்ட், மாத்திரைத் தாள், மகளின் முகவரி, தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதிய ஒரு அட்டை: "எனக்குத் தமிழும் மலையாளமும் தெரியும். சர்க்கரை நோய் உண்டு. நான் டொராண்டோ போகிறேன்."

வாசலில் என் கன்னத்தைத் தடவி, "பத்தரமாப் போ சாமி, நீ தனியாப் போறே" என்றார். போகிறவர் அவர்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு விமானம் நகர்ந்ததாகப் போன் காட்டியது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்வது முதல் இறங்கி மறுபடி நிற்பது வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவதும் வரிசையில் நிற்பதும் அதற்குள்ளேயே. ஆகவே டிக்கெட் நேரமும் பறக்கும் நேரமும் ஒன்றில்லை. பெரிய ஊர்களில் அரைமணி வரை வித்தியாசப்படும்.

அங்கமாலியில் தெரிந்தவர்கள் வீட்டில் படுக்கை.

சனி, ஆலுவாவிலிருந்து வீடு வரை

விடிய ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். துபாய் நேரம் மூன்றரை. டொராண்டோ விமானம் கிளம்பிவிட்டது. அதற்கு முன்பு துபாயிலிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. காலில் வீக்கம் இல்லை, இட்லி கேட்டால் ரொட்டி கொடுத்தார்கள், வீல்சேர் தள்ளிய பெண்ணுக்கு ஊர் மலப்புறம், ஒரு மலையாளியிடமே விட்டுவிட்டார் கடவுள்.

காலை ரயிலில் ஆலுவாவிலிருந்து பாலக்காடு. ஜன்னலோரம் இடம். கையில் பிளைட்ரேடார்24, எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று போனில் காட்டும் செயலி. ஒவ்வொரு விமானமும் தான் எங்கே, என்ன உயரத்தில், எவ்வளவு வேகத்தில் இருக்கிறேன் என்பதை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகிறது. தரையில் ஆர்வலர்கள் வீட்டுக் கூரையில் வைத்திருக்கும் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. உலகம் முழுக்க அப்படி ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கட்டிய வலை அது. முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு இன்று மனசார நன்றி சொன்னேன்.

திருச்சூரில் ரயில் நின்றபோது ஒன்பதரை மணி. அத்தை ருமேனியாவுக்கு மேலே. எதிர்பார்த்தபடியே விமானம் கீவுப் பக்கம் போகவில்லை. துருக்கிக்கு மேலே ஏறி, கருங்கடலைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஒதுங்கியிருந்தது. வேகம் 780 என்று காட்டியது. எதிர்க்காற்று. என் எதிரே உட்கார்ந்திருந்த ஒற்றப்பாலத்துப் பெண்மணி எட்டிப் பார்த்து, யார் போவது என்று கேட்டார். சொன்னேன். அவருடைய மகன் மெல்பர்னில். "எனிக்கு அதிண்டே தூரம் அறியில்லா, ராத்திரி விளிச்சால் அவிடெ வெளுப்பான் காலம்" என்றார். தூரம் தெரியாது, இங்கே ராத்திரி கூப்பிட்டால் அங்கே விடியற்காலம் என்கிறார். மெல்பர்ன் நமக்குக் கிழக்கே, மணியில் முன்னால் ஓடும் ஊர்.

வடக்காஞ்சேரி தாண்டி, ஷொர்ணூரை ஒதுக்கிவிட்டு, பாரதப்புழையின் ஓரம். தை மாதத்து ஆறு, மணல் திட்டுக்கு நடுவே நூல் நூலாகத் தண்ணீர். ஒற்றப்பாலத்தில் அந்த அம்மா இறங்கும்போது விமானம் ஜெர்மனிக்கு மேல் இருந்தது. பாலக்காடு ஜங்ஷன், அங்கிருந்து ஆட்டோ, ஸ்டேடியம் பஸ் நிலையத்தில் சித்தூர் வழியாகப் போகும் பஸ். பன்னிரண்டரைக்கு அத்தை ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில். அதற்குப் பிறகு திரையில் விமானத்தின் பாதை புள்ளிப் புள்ளியாக மாறியது. நடுக்கடலில் ஆன்டெனா வைக்க ஆள் இல்லை. கடைசியாகக் கிடைத்த வேகத்தையும் திசையையும் வைத்து இங்கே இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். தெரிந்தும் கை நடுங்கத்தான் செய்தது. அந்தப் பகுதியில் விமானிகள் செயற்கைக்கோள் வழியாகத் தரையோடு தொடர்பில்தான் இருக்கிறார்கள், நமக்குத்தான் தெரிவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றரை மணி சுமாருக்குக் கிரீன்லாந்தின் தென்முனை. அங்கேதான் அந்த வழியின் வளைவு கண்ணால் பார்க்கப் புரிந்தது. துபாய் 25 பாகையில், டொராண்டோ 43 பாகையில். ஆனால் இடையில் வழி 62 பாகை வரை ஏறி, ஐஸ்லாந்துக்குத் தெற்கே உச்சம் தொட்டு, அங்கிருந்து தென்மேற்கே இறங்குகிறது. தட்டைப் படத்தில் அது வில்லாக வளைந்து தெரியும். உருண்டையில் அதுதான் நேர்.

கொழிஞ்சாம்பாறையில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். அத்தை வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும், கோழியை அடைக்க வேண்டும். ஐந்தரைக்கு விமானம் மறுபடி கெட்டிக் கோடாகத் திரையில் வந்தது, கனடாவின் லாப்ரடோர் கரையில். பக்கத்து வீட்டுக்காரர்கள், தோட்டத்து மாமா, அவர் பேரன் எல்லாரும் என் போனைச் சுற்றி நின்றார்கள். ஏழரைக்கு உயரம் பூஜ்யம். அங்கே காலை ஒன்பது. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பியவர் சனிக்கிழமை காலையில் இறங்குகிறார், நமக்கோ சனி ராத்திரி. பேரனுக்கு அது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. நாளைக்கு உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்றிருக்கிறேன்.

ஞாயிறு, கொழிஞ்சாம்பாறை

பேசிவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தபோது நம் கடிகாரத்தில் சனி இரவு பத்து மணி. லேகியச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒட்டியிருந்த பேரைப் படித்துப் பார்த்து, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வெளியே மைனஸ் பதினொன்று, மூக்கு எரிகிறது என்றார். விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு பசிக்கிறது என்று சமையலறையில் நின்றிருக்கிறார். உடம்பின் கடிகாரம் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குத் தோராயமாக ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மேற்கே போகிறவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். நம் உடம்பின் இயல்பான நாள் 24 மணிக்குச் சற்றே நீளம், அதனால் நாளை நீட்டுவதற்கு ஒப்புக்கொள்ளும், சுருக்குவதற்கு முரண்டு பிடிக்கும். பகலில் வெளிச்சத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றிரவு கணக்கை எழுதிப் பார்த்தேன். வாசல் இறங்கியதிலிருந்து மகள் வீட்டு வாசல் ஏறியது வரை முப்பத்து மூன்று மணி நேரம். அதில் இரண்டு விமானத்திலும் சேர்த்து பதினெட்டரை. மிச்சம் பதினாலரை மணி நேரம் தரையில். கொழிஞ்சாம்பாறைக்கும் நெடும்பாசேரிக்கும் இடையில், வரிசைகளில், துபாய் நாற்காலியில், டொராண்டோவில் பெட்டிக்கும் இமிக்ரேஷனுக்கும் காத்து நின்றதில். விமானம் இத்தனை மணி நேரம் என்று நாம் பெரியவர்களிடம் சொல்லும்போது இந்தப் பதினாலரையை விட்டுவிடுகிறோம். அவர்கள் உடம்பு அதைத்தான் சுமக்கிறது. பறக்கும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. தரையில் போகும் நேரத்தை வீட்டில் இருக்கும் நாம் உட்கார்ந்து யோசித்தால் குறைக்கலாம். ஊருக்கு எந்த விமான நிலையம், எந்த மணி, எங்கே மாறுவது, எவ்வளவு காத்திருப்பது, நாற்காலி சொல்லியாயிற்றா என்று. டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள் தயவுசெய்து விலை வரிசையில் தேடாதீர்கள், மொத்த நேர வரிசையில் தேடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

திரும்பி வருவது ஜூன் முதல் வாரம். அப்போது வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம், காற்று முதுகுக்குப் பின்னால், டொராண்டோவிலிருந்து துபாய் பன்னிரண்டரை மணியில் வந்துவிடும். ஆனால் இப்போதைய டிக்கெட்டில் துபாயில் காத்திருப்பு பத்து மணிக்கு மேல். அன்றே பகலில் கொச்சிக்கு வேறு விமானம் இருக்கிறது. கொஞ்சம் பணம் கட்டினால் மாற்றித்தருவார்கள் என்று அத்தை மகள் சொல்கிறாள். திங்கள்கிழமை பள்ளி விட்டதும் பாலக்காடு போய் ஏஜென்டைப் பார்க்கிறேன்.